பாளயத்துக்கு வெளியே போகிற ஆசாரியன்

லேவியராகமம் 13, 14 அதிகாரங்களுக்குத் தமிழில் உள்ள விளக்கங்களைக் கொஞ்ச நாளாகச் சேர்த்து வைத்துப் படித்துக்கொண்டிருக்கிறேன். உரைநூல்கள், பிரசங்கக் குறிப்புகள், வேதபாட வகுப்புக் கையேடுகள், யூடியூப் பேச்சுகள் எல்லாம் இதில் அடக்கம். ஆளுக்கு ஆள் நடை வேறு, சபை வேறு. ஆனா ரெண்டு கருத்து மட்டும் தவறாம வந்துடுது. ஒண்ணு, அந்தக் காலத்தில் ஆசாரியன்தான் டாக்டர் என்பது. இன்னொண்ணு, குஷ்டரோகம் பாவத்துக்கு அடையாளம் என்பது.

முதல் கருத்து மூலநூலில் இருப்பதற்கு நேர் எதிரானது. இரண்டாவதை இந்த இரண்டு அதிகாரங்களும் எந்த இடத்திலும் சொல்லவில்லை. இரண்டும் சேர்ந்து இந்தச் சடங்கின் நடுப்பகுதியையே மறைத்துவிட்டன. ஒருவரை வெளியே அனுப்ப 13-ஆம் அதிகாரத்தில் ஆசாரியனுக்கு ஒரு வார்த்தை போதும். அவரைத் திரும்பச் சேர்த்துக்கொள்ள 14-ஆம் அதிகாரத்தில் எட்டு நாள் வேலை. நம்முடைய விளக்கங்கள் முதல் அதிகாரத்திலேயே நின்றுவிடுகின்றன.

செங்கல்பட்டுக்காரர்களுக்கு இது வெறும் வேதபாடச் சர்ச்சை இல்லை. ஊருக்குப் பக்கத்தில் திருமணியில் 1920களில் தொடங்கப்பட்ட லேடி வில்லிங்டன் தொழுநோய் விடுதி இருந்தது. 1955-இல் மத்திய அரசு அதை எடுத்துக்கொண்டு மத்திய தொழுநோய் பயிற்சி மற்றும் ஆராய்ச்சி நிறுவனமாக மாற்றியது. இன்றைக்கும் அது அங்கேதான் இருக்கிறது. ஜி.எஸ்.டி. சாலையில் பரனூர் என்றால் எல்லாருக்கும் சுங்கச்சாவடிதான் ஞாபகம் வரும். தொழுநோயால் பாதிக்கப்பட்டவர்களுக்கான அரசு மறுவாழ்வு இல்லம் அதே பரனூரில் இருப்பது எத்தனை பேருக்குத் தெரியும்? ஞாயிற்றுக்கிழமை காலை இந்த அதிகாரங்களை வாசிக்கிற குரல், இந்த வட்டாரத்தில் அந்த வளாகங்களில் வாழ்கிறவர்கள் காதிலும் விழுகிறது. அதனால் எந்தச் சொல்லை வைத்து வாசிக்கிறோம், எந்த இடத்தில் நிறுத்துகிறோம் என்பது இங்கே சின்ன விஷயம் இல்லை.

1. ஆசாரியன் என்ன செய்கிறான்?

மூலநூலை அப்படியே பின்தொடர்ந்து பார்ப்போம். ஒருவர் தோலில் தடிப்போ, அசறோ, வெள்ளை மறுவோ தோன்றுகிறது. அவரை ஆசாரியனிடம் கொண்டு வருகிறார்கள். ஆசாரியன் பார்க்கிறான். அந்த இடத்து மயிர் வெளுத்து, அது தோலைவிடப் பள்ளமாகத் தெரிந்தால் தீட்டு என்கிறான். சந்தேகமாக இருந்தால் ஏழு நாள் அடைத்து வைக்கிறான். மறுபடி பார்க்கிறான். இன்னும் தெளிவில்லை என்றால் மேலும் ஏழு நாள். பரவாமல் மங்கியிருந்தால் சுத்தம் என்கிறான்.

இதில் மருந்து எங்கே இருக்கிறது? இரண்டு அதிகாரங்களிலும் ஆசாரியன் பூசுவதற்கு ஒரு களிம்பு இல்லை, குடிப்பதற்கு ஒரு கஷாயம் இல்லை, நோய் போக ஒரு மந்திரமோ ஜெபமோகூட இல்லை. பக்கத்து நாடுகளான பாபிலோனிலும் எகிப்திலும் நோயை விரட்ட மந்திரம் ஓதுகிற பூசகர்கள் இருந்தார்கள். அதோடு ஒப்பிட்டால் லேவியராகமத்தின் மௌனம் வேண்டுமென்றே காக்கப்பட்டதாகத்தான் தெரிகிறது. 14-ஆம் அதிகாரத்தின் தொடக்கத்தில் ஆசாரியன் பாளயத்துக்கு வெளியே போய்ப் பார்க்கும்போது நோய் ஏற்கெனவே குணமாகியிருக்கிறது. குணமாக்கியது யார் என்ற கேள்விக்கு அங்கே ஆசாரியன் பதில் அல்ல.

எபிரேய வினைச்சொல்லும் இதையே சொல்கிறது. 'தாஹேர்' என்றால் சுத்தம், 'தாமே' என்றால் தீட்டு. இந்த வேர்களிலிருந்து வருகிற வினை இங்கே சுத்தமென்று அறிவித்தல், தீட்டென்று அறிவித்தல் என்ற பொருளில் வருகிறது. 1871-இல் வந்த பழைய தமிழ் மொழிபெயர்ப்பு இதை 'தீர்க்கக்கடவன்' என்று சொல்கிறது. தீர்ப்புச் சொல்லுதல் என்ற பொருளில் நல்ல சொல்தான். ஆனா இன்னிக்கு நம்ம காதுக்கு 'தீர்க்க'ன்னா நோயைத் தீர்க்கிறதுதான் முதல்ல கேட்குது. டாக்டர் என்கிற கற்பனைக்கு இதுவும் ஒரு கதவு திறந்து விட்டிருக்கலாம்.

இந்த எல்லை விவிலியத்தின் மற்ற இடங்களிலும் காக்கப்படுகிறது. எண்ணாகமம் 12-இல் மிரியாமுக்கு இது வருகிறது. பிரதான ஆசாரியனான ஆரோன் பக்கத்திலேயே நிற்கிறான், சொந்த அக்கா வேறு. அவனால் பார்க்க முடிகிறது, மோசேயிடம் கெஞ்ச முடிகிறது. அதற்குமேல் ஒன்றும் முடியவில்லை. நாகமானுக்கு வழி சொன்னது எலிசா என்ற தீர்க்கதரிசி, ஆசாரியன் இல்லை. மாற்கு முதல் அதிகாரத்தில் குணமானவரிடம், போய் ஆசாரியனுக்கு உன்னைக் காட்டு என்று இயேசு சொல்கிறார். குணமானது ஒரு இடத்தில், அறிவிப்பு வேறு இடத்தில். நோய் போனதோடு விவகாரம் முடியவில்லை என்பதுதான் இதிலிருந்து கிடைக்கிற முதல் பாடம்.

2. வாய்ச்சொல்லின் பலம்

இதைச் சுகாதாரச் சட்டம் என்று காட்டி, கிருமியைக் கண்டுபிடிப்பதற்கு மூவாயிரம் வருஷம் முன்பே வேதம் குவாரண்டைன் சொல்லிவிட்டது என்று பெருமைப்படுகிறவர்கள் நிறைய. கொரோனா காலத்தில் இந்தப் பேச்சு இன்னும் கூடியது. அவர்களுக்கு நான் காட்ட விரும்பும் இடங்கள் சில.

நோய் தலை முதல் கால் வரை உடம்பு முழுக்கப் பரவி எல்லாம் வெள்ளையாகிவிட்டால் அந்த ஆள் சுத்தம் (13:12-13). தொற்றுத் தடுப்பு நோக்கம் என்றால் இது தலைகீழாக இருக்கிறது.

வீட்டுச் சுவரில் பச்சையும் சிவப்புமாகக் கறை தோன்றினால், ஆசாரியன் உள்ளே வருவதற்கு முன் சாமான்களை வெளியே எடுத்துவிடச் சொல்கிறான், உள்ளே இருப்பதெல்லாம் தீட்டாகிவிடக் கூடாது என்பதற்காக (14:36). அதாவது, அவன் பார்த்துச் சொல்கிற வரைக்கும் பானை சட்டி எதற்கும் தீட்டு இல்லை. கறை நேற்றும் அதே சுவரில்தான் இருந்தது. கிருமி இப்படிக் காத்திருக்காது. ஏழையின் பண்டபாத்திரங்களைக் காப்பாற்றுகிற அக்கறை இந்த வரியில் இருக்கிறது, அது வேறு விஷயம்.

பிற்கால யூத மரபு இதை இன்னும் வெளிப்படையாக்கிவிட்டது. மிஷ்னாவில் 'நெகாயிம்' என்ற பகுதி முழுவதும் இந்தக் கறைகளைப் பற்றியதுதான். விஷயம் தெரிந்த யார் வேண்டுமானாலும் கறையைப் பரிசோதிக்கலாம், ஆனால் தீட்டு, சுத்தம் என்ற சொல் ஆசாரியன் வாயிலிருந்துதான் வர வேண்டும் என்கிறது அது. அவனுக்கே அந்த வித்தை தெரியாவிட்டால், தெரிந்தவர் பக்கத்தில் நின்று தீட்டென்று சொல் என்று சொல்லிக்கொடுக்க, அவன் திருப்பிச் சொல்ல வேண்டும். புதுமாப்பிள்ளைக்குக் கல்யாண வாரம் ஏழு நாளும் பரிசோதனை கிடையாது. பண்டிகை நாட்களிலும் கிடையாது. யூதரல்லாதவருக்கு இந்தத் தீட்டே ஒட்டாது. ஆசாரியன் மற்றவர்களைப் பார்க்கலாம், தன் உடம்பில் உள்ள கறைக்குத் தானே தீர்ப்புச் சொல்லக் கூடாது.

இதெல்லாம் ஒரு ஆஸ்பத்திரியின் விதிகள் மாதிரி இருக்கா? ஒரு தாசில்தார் கையெழுத்து மாதிரி இருக்கு. கையெழுத்துப் போடுகிறவருக்கு அளவை தெரியாமல் இருக்கலாம், சர்வேயர் வந்து அளந்து கொடுப்பார். ஆனால் பட்டா பெயர் மாறுவது அந்தக் கையெழுத்தில்தான். ஜேக்கப் மில்க்ரோம் லேவியராகமத்துக்கு எழுதிய பெரிய உரை (முதல் தொகுதி 1991) இந்த அதிகாரங்களை மருத்துவத்திலிருந்து பிரித்து, சாவின் சாயல் என்ற கோணத்தில் படிக்கிறது. உயிரோடிருக்கும் உடம்பு பிணம் போல் உதிர்வதுதான் இந்தத் தீட்டின் அடிப்படை என்பது அவர் வாதம். மிரியாமைச் செத்துப் பிறந்த குழந்தையோடு ஆரோன் ஒப்பிடுவது இதற்குப் பொருந்துகிறது. மேரி டக்ளஸ் 1966-இல் எழுதிய புகழ்பெற்ற நூல் அசுத்தம் என்பதை ஒழுங்கு, எல்லை என்ற கண்ணோட்டத்தில் பார்க்கக் கற்றுக்கொடுத்தது. இருவர் வழியிலும் வந்தால் ஆசாரியன் எல்லையில் நிற்கிற ஆள். ஸ்டெதாஸ்கோப் அவன் கழுத்தில் இல்லை.

3. குஷ்டம், தொழுநோய்: சொல் மாறிய கதை

எபிரேயத்தில் இருக்கும் சொல் 'ட்சாராத்'. மனிதத் தோலுக்கும், கம்பளி, சணல் துணிக்கும், வீட்டுச் சுவருக்கும் அது ஒரே சொல். அலெக்சாந்திரியாவில் ஐந்தாகமத்தைக் கிரேக்கத்துக்குக் கொண்டுபோனவர்கள் கி.மு. 3-ஆம் நூற்றாண்டில் இதை 'லெப்ரா' என்றார்கள். கிரேக்க மருத்துவத்தில் லெப்ரா என்றால் செதில் செதிலாக உதிர்கிற தோல் நோய். நாம் இன்று தொழுநோய் என்று சொல்வதைக் கிரேக்க மருத்துவர்கள் 'எலெஃபாந்தியாசிஸ்' என்று வேறு பெயரில் அழைத்தார்கள். இடைக்கால ஐரோப்பாவில், அரபு மருத்துவ நூல்களை லத்தீனுக்குக் கொண்டுவந்த காலத்தில், இந்தப் பெயர்கள் கலந்துபோய் லெப்ரா என்ற பெயர் தொழுநோய்க்குப் போனது. அதோடு லேவியராகமத்தின் தண்டனையும் அந்த நோயாளிகள் தலையில் வந்து விழுந்தது.

தமிழில் நடந்தது கொஞ்சம் வேறு. பழைய மொழிபெயர்ப்பு 'குஷ்டரோகம்' என்று போட்டதற்காக அதைத் திட்டுவது இப்போது வழக்கமாகிவிட்டது. நான் அந்த மொழிபெயர்ப்பாளர்கள் பக்கம் நிற்கிறேன். ஆயுர்வேதத்திலும் சித்த மருத்துவத்திலும் குஷ்டம் ஒரே நோயின் பெயர் இல்லை. பதினெட்டு வகை என்று கணக்குச் சொல்வார்கள். செதில் உதிர்வது, படை, தேமல் போன்றவை வரை அதற்குள் அடங்கும். இன்றும் தோல் வெளுப்பதை வெண்குஷ்டம் என்றுதானே சொல்கிறோம்? பலவிதத் தோல் மாற்றங்களுக்கு ஒரே பெயர் என்ற அளவில் ட்சாராத்துக்குப் பக்கத்தில் வரக்கூடிய தமிழ்ச் சொல் அப்போது அதுதான். துணிக்கும் சுவருக்கும் வரும்போது அவர்கள் 'குஷ்டதோஷம்' என்று மாற்றிப் போட்டதைப் பாருங்கள். சுவருக்கு ரோகம் வராது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

அப்புறம் என்ன ஆச்சு? 1873-இல் நார்வேயில் ஹான்சன் கிருமியைக் கண்டுபிடித்தார். தனி நோய், தனி விடுதி, தனிச் சட்டம் என்று வந்தபிறகு குஷ்டம் என்ற அகலமான சொல் சுருங்கி அந்த ஒரு நோயின் பெயராகிவிட்டது. சொல் சுருங்கியது, வேத வாசகம் அப்படியே நின்றது.

1995-இல் வந்த பொது மொழிபெயர்ப்பு 'தொழுநோய்' என்று மாற்றியது. மரியாதையான சொல், நல்லெண்ணம்தான். ஆனால் துல்லியம் என்று பார்த்தால் இது முன்னைவிடப் பின்னடைவு. குஷ்டம் என்ற சொல்லில் கொஞ்சமாவது தெளிவின்மை மிச்சம் இருந்தது. தொழுநோய் என்பது அரசு மருத்துவமனைப் பலகையில் எழுதியிருக்கிற, கிருமியும் மருந்தும் தெரிந்த ஒரே நோயின் பெயர். இப்போது லேவியராகமம் பெயர் சொல்லி அந்த நோயாளியைச் சுட்டுகிறது. 2011-இல் திருத்தப்பட்ட ஆங்கில என்.ஐ.வி. பதிப்பு, தீட்டாக்கும் தோல் நோய் என்ற பொருளில் சொல்லை மாற்றிக்கொண்டது. தமிழிலும் 'தீட்டான தோல்வியாதி' என்று எளிமையாகப் போட்டால் என்ன குறைந்துவிடும்?

4. திருமணியிலிருந்து ஒரு பதில்

இந்தச் சொல் சர்ச்சைக்கு நம்ம ஊரிலிருந்தே ஒரு பதில் போயிருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. ராபர்ட் காக்ரேன் 1930களிலும் 40களிலும் திருமணி விடுதியில் பணியாற்றிய மருத்துவர். சல்ஃபோன் மருந்துகளை இந்தியாவில் முதலில் பயன்படுத்திப் பார்த்தவர்களில் ஒருவர். இங்கிலாந்து திரும்பிய பிறகு, 1960களின் தொடக்கத்தில், விவிலியத் தொழுநோய் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். விவிலியம் சொல்வதும் தாம் சிகிச்சை அளித்ததும் ஒரே நோய் அல்ல என்பதுதான் அதன் சாரம். மிஷன் மருத்துவர் ஒருவரே இதைச் சொல்ல வேண்டியிருந்தது.

அவர் பக்கத்தில் இருக்கிற மருத்துவக் காரணம் எளிது. தொழுநோயின் முதல் அடையாளம் உணர்ச்சி இழப்பு. தேமல் மாதிரி ஒரு படை இருக்கும், அதில் தொட்டால் தெரியாது, சுட்டால் தெரியாது. லேவியராகமம் 13 நிறம், பள்ளம், மயிர், பச்சை மாமிசம், பரவல் என்று இத்தனை அடையாளங்களை அடுக்குகிறது. உணர்ச்சி போய்விட்டதா என்று ஒரு இடத்திலும் ஆசாரியன் கேட்பதில்லை. இவ்வளவு கவனமாகப் பார்க்கிற கண்ணுக்கு அது தப்பியிருக்க முடியாது. அவர்கள் பார்த்தது வேறு எதையோ.

இதே திருமணிக்குத்தான் 1940களின் பிற்பகுதியில் வேலூரிலிருந்து பால் பிராண்ட் என்ற இளம் அறுவை மருத்துவர் வந்தார். காக்ரேன் அவரைச் சுற்றிக் காட்டினார். மடங்கிப்போன விரல்களுள்ள ஒருவரின் கையைப் பிடித்தபோது அந்தக் கையில் இருந்த பலத்தைக் கண்டு பிராண்ட் அசந்துபோனார் என்பது அவருடைய வாழ்க்கை வரலாற்றில் பிரபலமான செய்தி. கை அழுகவில்லை, செத்துப்போகவில்லை, சில நரம்புகள் மட்டும் வேலை செய்யவில்லை என்ற புரிதல் அங்கிருந்து தொடங்கியது. வலி தெரியாததால் ஏற்படுகிற காயங்களே விரல்களைக் குறைக்கின்றன என்று பின்னர் வேலூரில் காட்டினார்.

1954-இல் 'இரத்தக்கண்ணீர்' படம் வெளியானது. எம்.ஆர். ராதாவின் நடிப்பு ஒரு அதிசயம், அதில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் குஷ்டம் கெட்ட நடத்தையின் கூலி என்ற எண்ணம் தமிழ் மனசில் அழுத்தமாகப் பதிந்ததில் அந்தப் படத்துக்குப் பங்கு உண்டு. அதற்கு அடுத்த வருஷம்தான் திருமணியில் மத்திய அரசின் நிறுவனம் தொடங்கியது. பிரசங்க மேடை, சினிமாக் கொட்டகை ரெண்டும் ஒரே கதையைச் சொன்ன காலத்தில் டாக்டர்கள் பேச்சு யார் காதில் ஏறும்?

5. எட்டு நாள்

இப்போது 14-ஆம் அதிகாரம். என் வாசிப்பில் இதுதான் மையம்.

குணமான ஆள் பாளயத்துக்குள் வந்து ஆசாரியனைத் தேட முடியாது. ஆசாரியன்தான் பாளயத்துக்கு வெளியே போக வேண்டும் (14:3). பரிசுத்த ஸ்தலத்தில் இருப்பவன் ஒதுக்கப்பட்டவர் இருக்கிற இடத்துக்கு நடந்து போகிறான். அங்கே இரண்டு பறவைகள், கேதுருக்கட்டை, சிவப்பு நூல், ஈசோப்பு. ஒரு பறவை ஊற்றுநீர் உள்ள மண்பாத்திரத்தின்மேல் கொல்லப்படுகிறது. மற்றது அந்த இரத்தத்தில் தோய்க்கப்பட்டு வெளியில் பறக்கவிடப்படுகிறது. அவர் துணி துவைத்து, மயிர் சிரைத்து, குளித்து, பாளயத்துக்குள் வருகிறார். ஆனால் ஏழு நாள் தன் கூடாரத்துக்கு வெளியே இருக்கிறார். ஏழாம் நாள் புருவம் தாடி உட்பட மறுபடி சிரைப்பு. எட்டாம் நாள் பலி. அப்போது ஆசாரியன் பலியின் இரத்தத்தை அவருடைய வலது காது மடலிலும், வலது கைக் கட்டைவிரலிலும், வலது கால் பெருவிரலிலும் தடவுகிறான். அதே மூன்று இடங்களில் அதன்மேல் எண்ணெய்.

காது, கட்டைவிரல், பெருவிரல் என்ற இந்த வரிசை வேறு எங்கே வருகிறது தெரியுமா? 8-ஆம் அதிகாரத்தில், ஆரோனையும் அவன் பிள்ளைகளையும் ஆசாரியர்களாகப் பிரதிஷ்டை செய்யும்போது. ஊருக்கு வெளியே கிழிந்த துணியோடு தீட்டு, தீட்டு என்று கூவிக்கொண்டிருந்தவருக்கு, திரும்பி வரும்போது பிரதான ஆசாரியனுக்குச் செய்த அதே அடையாளம். ஆசாரியனின் விரல் அவர் உடம்பைத் தொடுகிறது. அத்தனை நாள் யாரும் தொடாத உடம்பு அது. ஏழையாக இருந்தால் மூன்று ஆட்டுக்குப் பதில் ஒன்று போதும், மீதிக்குப் புறா போதும் என்று தனியாக ஒரு பகுதியே இருக்கிறது. தொடுகிற மூன்று இடங்களில் மட்டும் சலுகை, குறைப்பு எதுவும் இல்லை.

இன்று தொழுநோய்ப் பரிசோதனைக்குத் தோல் மாதிரி எடுப்பது பெரும்பாலும் காது மடலில். நோய் அதிகம் தாக்குவது கை கால் விரல்களை. தற்செயல் ஒற்றுமைதான், இதை வைத்து எதையும் நிரூபிக்க நான் முயலவில்லை. ஆனா திருமணியைத் தெரிஞ்சவங்க இந்த வசனத்தைச் சாதாரணமாகப் படிச்சுட்டுப் போக முடியாது.

6. மறுப்புகள்

என் வாசிப்புக்கு எதிராக இரண்டு வலுவான விஷயங்கள் உண்டு. முதலாவது, எட்டாம் நாள் பலிகளில் ஒன்று குற்றநிவாரண பலி. குற்றம் இல்லாவிட்டால் குற்றநிவாரணம் எதற்கு? பரிசுத்தமான பொருளை அறியாமல் மீறியிருக்கலாம் என்ற சந்தேகத்துக்குச் செய்யப்படும் ஈடு என்று மில்க்ரோம் விளக்குகிறார். எனக்கு அது முழுத் திருப்தி தரவில்லை. ஆனாலும் என்ன குற்றம் செய்தாய் என்று ஆசாரியன் எந்த இடத்திலும் விசாரிப்பதில்லை, வாக்குமூலம் வாங்குவதில்லை என்பது கண்கூடு. பிள்ளை பெற்ற தாயும் இதே நூலில் பாவநிவாரண பலி கொண்டுவருகிறாள் (12:6). பிள்ளை பெறுவது பாவம் என்று யாரும் பிரசங்கிப்பதில்லை.

இரண்டாவது, கதைகள். மிரியாம், கேயாசி, உசியா ராஜா ஆகிய மூவருக்கும் இது தண்டனையாக வருகிறது. உண்மை. ஆனால் தண்டனையாக வந்த மூன்று கதைகளை வைத்து, வந்தவர்கள் எல்லாரும் தண்டிக்கப்பட்டவர்கள் என்று சட்டத்தைப் படிப்பது, திருட்டுக் கேசில் ஜெயிலுக்குப் போனவர் மாடிப்படியில் விழுந்து காலை உடைத்துக்கொண்டால், கால் உடைந்தவர் எல்லாம் திருடர் என்பது போலத்தான். மிரியாம் கதையின் முடிவையும் யாரும் சொல்வதில்லை. அவள் வெளியே இருந்த ஏழு நாளும் ஜனங்கள் பிரயாணம் பண்ணாமல் காத்திருந்தார்கள். ஒரு ஆளுக்காக மொத்தப் பாளயமும் நின்றது.

7. நம்முடைய தீட்டு

தீட்டு என்ற சொல்லை வைத்து இதைப் படிக்கிற தமிழர் தன் ஊர்த் தீட்டையும் கூடவே கொண்டுவருகிறார். தவிர்க்க முடியாது. சாவுத் தீட்டு, பிள்ளை பெற்ற தீட்டு போன்றவற்றுக்குக் காலமும் தண்ணீரும் போதும். தேவனேரியிலிருந்து சதுரங்கப்பட்டினம் வரை கரையில் எந்தக் குப்பத்திலும் கேளுங்கள், காரியம் முடிந்து கடலில் ஒரு முழுக்குப் போட்டால் ஆச்சு. மாசி மகத்துக்கு மாமல்லபுரம் கடற்கரையில் வந்து தங்குகிற இருளர் மக்கள் கன்னியம்மாள் பூசையைத் தங்கள் பெரியவர்களை வைத்தே நடத்திக்கொள்கிறார்கள். லேவியராகமத்திலும் அன்றாடத் தீட்டுகளில் பல இப்படித்தான்: குளி, துணியைத் துவை, சாயங்காலம் வரை காத்திரு. யாரும் வந்து அறிவிக்க வேண்டியதில்லை. ட்சாராத்துக்கு மட்டும்தான் ஒரு வாய் தேவைப்படுகிறது. வெளியே தள்ளியது சமூகம். தண்ணீரால் அதை நீக்க முடியாது, சமூகத்தின் பெயரால் பேசும் ஒருவர் வந்து சொன்னால்தான் நீங்கும்.

நம்மிடம் இன்னொரு தீட்டும் உண்டு. ஊருக்கு வெளியே சேரி என்று வைத்து, பிறப்பிலேயே ஒட்டவைத்து, திரும்பி வருவதற்குச் சடங்கே வைக்காத தீட்டு. 1891-இல் செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த ட்ரெமென்ஹீர் எழுதிய அறிக்கை அந்த மக்களின் நிலையைத்தான் அரசுக்கு எடுத்துச் சொன்னது, பஞ்சமி நிலம் என்ற பேச்சு அங்கிருந்துதான் பிறந்தது. லேவியராகமத்தின் தீட்டு ராஜாவுக்கும் வரும், ஆசாரியன் வீட்டுக்கும் வரும் (22:4), வந்தால் போகவும் வழி உண்டு. அந்த நூலை நான் முழுக்க நியாயப்படுத்த வரவில்லை. உயிருள்ள ஒருவரைத் தீட்டு என்று கூவ வைப்பது கொடுமைதான், நோய் நீங்காமலே போனவருக்கு அந்த நூல் வழி எதுவும் சொல்லவில்லை. ஆனால் போக வழி உள்ள தீட்டின் சொல்லை வைத்துக்கொண்டு, வழியே இல்லாத தீட்டை நாம் வாசித்திருக்கிறோம்.

இன்றைய நிலவரம் என்ன? கூட்டு மருந்துச் சிகிச்சையை உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது 1982-இல். ஆறு மாதமோ பன்னிரண்டு மாதமோ மருந்து, நோய் போய்விடும். முதல் சில வேளையிலேயே பரவும் தன்மை பெரும்பாலும் போய்விடும். ஆனால் 1898-ஆம் ஆண்டுத் தொழுநோயாளர் சட்டம் நீக்கப்பட்டது 2016-இல். விவாகரத்துக்கான காரணங்களிலிருந்து தொழுநோயை எடுத்தது 2019-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம். மருந்து சுத்தம் என்று சொன்னதற்கும் சட்டம் சுத்தம் என்று சொன்னதற்கும் நடுவில் 37 வருஷம். நோய் முற்றிலும் போனபிறகும் வீட்டுக்குத் திரும்பாமல் நூற்றுக்கணக்கான குடியிருப்புகளில் வாழ்கிறவர்கள் நாடு முழுவதும் இன்னமும் இருக்கிறார்கள்.

அரசு மருத்துவப் பதிவேட்டில் ஒரு சுருக்கெழுத்து உண்டு: ஆர்.எஃப்.டி. சிகிச்சையிலிருந்து விடுவிக்கப்பட்டார் என்று அர்த்தம். மருந்து அட்டை முடிந்ததும் அதைக் குறிப்பார்கள். அந்தக் குறிப்பு பதிவேட்டுக்குள்ளேயே இருக்கிறது. அதை எடுத்துக்கொண்டு அவருடைய தெருவுக்குப் போய், இவர் சுகமாகிவிட்டார் என்று எல்லார் முன்னாலும் சொல்லி, கையைப் பிடித்து வீட்டுக்குள் கூட்டிவருகிற வேலை யாருடைய உத்தியோகத்திலும் எழுதப்படவில்லை. டாக்டர் தன் வேலையைச் செய்துவிட்டார். 14-ஆம் அதிகாரத்து ஆசாரியனின் வேலைதான் பாக்கி.

ஆசாரியனை டாக்டர் என்று பிரசங்கிக்கிறவர்கள் அடுத்த முறை 13-ஆம் அதிகாரத்தோடு நிறுத்தாமல் 14-ஐயும் சேர்த்து வாசிக்கட்டும். வாசித்த வாரமே திருமணிக்கோ பரனூருக்கோ ஒரு நடை போய்வரலாம். செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டிலிருந்து ரொம்ப தூரம் இல்லை.